ஜன்னல் டிவியில் நின்றவர்

மாலை ஐந்து மணி. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறுகிற சாலை.

சாலை என்பது பேருக்குத்தான். ஒரு பக்கம் கம்பி வேலி, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்குத் தார் மிச்சம். விளக்குக் கம்பம் இல்லை. வீடு இல்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது... இலைகளிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். இரண்டாவது வளைவில் மொபெட் இருமிவிட்டு நின்றுபோனது. அத்தை இறங்கினாள். தள்ளிக்கொண்டு நடந்தாள். பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய சின்ன டிவிப் பெட்டி. ஒவ்வொரு குழியிலும் அதற்குள் ஏதோ ஒரு திருகாணி உருண்டது... டக்... டக்... டக்.

அந்த நேரத்தில் அந்த மேட்டில் யாருக்கும் வேலை கிடையாது. அத்தைக்கும் போக மனமில்லை. ஆனால் தான் போகாவிட்டால் வேறு யாரும் போகப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது குரலை உயர்த்திச் சொல்கிற விஷயம் இல்லை. நம் கூட்டாளி லாரி எலக்ட்ரீஷியன் இருக்கிறானே, அவனுடைய சொந்த அத்தை, அப்பாவின் அக்கா, அவளுக்கு நடந்தது. அவன் கதை கட்டுகிற ஆள் இல்லை. கட்டத் தெரிந்திருந்தால் இந்நேரம் சொந்தக் கடை போட்டிருப்பான்.

அத்தை வேலை பார்த்தது ஒரு டிவி நிலையத்தில். உடனே பெரிய கட்டடம், ஏசி, மேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். டயர் கடை மாடியில் இரண்டு அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும், எதிரொலி வராமல் இருக்க. அப்படியும் செய்தி வாசிக்கும்போது கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் ‘புஸ்ஸ்’ என்று ஊர் முழுக்கக் கேட்கும். மேட்டில் தண்ணீர்த் தொட்டியின் தலையில் ஏரியல், அதன் காலடியில் ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் டிரான்ஸ்மிட்டர். அதன் சக்தி பத்தே வாட். உங்கள் குளியலறை பல்புக்கு அதைவிட அதிகம் ஆகும். ரயில்வே கேட்டைத் தாண்டினால் படத்தில் புள்ளி விழும். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் புள்ளி மட்டும்தான்.

முதலாளி முன்பு ரேடியோ ரிப்பேர் செய்தவர். எப்படியோ அலைந்து திரிந்து உரிமம் வாங்கி, பழைய சாமான்களைக் கோர்த்து நிலையத்தை ஓடவிட்டார். தொடங்கிய வருடம் நான்கு பேர் வேலையில் இருந்தார்கள். ஒருவர் கல்யாண வீடியோ எடுக்கப் போனார், ஒருவர் வெளியூர் போனார், கடைசியில் மிஞ்சியது முதலாளியும் அத்தையும். டேப் போடுவது, செய்தி வாசிப்பது, தொலைந்த சாவிக்கு அறிவிப்பு, காலமானவர்களுக்கு அறிவிப்பு, அறையைப் பெருக்குவது எல்லாம் அவள்தான். ஒருநாள் அவசரத்தில் தாள் மாறி, காணாமல் போன பசுவை இரங்கல் குரலில் வாசித்து, அதன் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபமும் தெரிவித்துவிட்டாள். மறுநாள் பசு கிடைத்தது. மாட்டுக்காரர் மட்டும் ஒரு வருடம் அவளோடு பேசவில்லை.

காலையில் இரண்டு மணி நேரம் நிகழ்ச்சி, மாலை ஆறிலிருந்து மூன்று மணி நேரம். நடுவில் போட ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரையைக் காட்டினால் ஜனங்கள் வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள் என்று முதலாளிக்குப் பயம். இருந்த ஒரே காமிராவை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார். கீழே கடைத்தெரு முனை. பஸ் நிற்கிற இடம், ஒரு விளக்குக் கம்பம், எதிரே சலூன். அவ்வளவுதான் படம். சத்தம் கிடையாது, அங்கே மைக் இல்லை. முதல் வாரம் ஊரே சிரித்தது. இரண்டாவது வாரம் ஊரே பார்த்தது. பஸ் வந்துவிட்டதா, கடை திறந்துவிட்டதா, யார் யாரோடு நின்று பேசுகிறார்கள் என்று வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். நிலையத்தின் பெயரே ஜன்னல் டிவி ஆகிவிட்டது.

மழை நாளில் படம் கலங்கித் தெரியும் என்பதற்காக, நல்ல வெயில் நாட்களில் ஜன்னலை டேப்பில் பிடித்து வைப்பாள் அத்தை. மழை வந்தால் அந்த டேப் ஓடும். வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டும், டிவியில் பளீரென்று வெயில் அடிக்கும். அதை நம்பிக் குடை இல்லாமல் கிளம்பிய ஒருவர் நனைந்தபடியே மாடியேறி வந்து சண்டை போட்டிருக்கிறார்.

அந்தத் தெருமுனையில் தினமும் மாலை நாலு பத்து பஸ்ஸில் வந்து இறங்குவார் ஒரு சர்வேயர். நிலம் அளக்கிறவர். மெலிந்த ஆள், கக்கத்தில் எப்போதும் சுருட்டிய வரைபடம். இறங்கியதும் கம்பத்தடியில் நின்று ஜன்னலை அண்ணாந்து பார்த்துக் கையைத் தூக்குவார். அத்தைக்கு இல்லை, வீட்டில் டிவி முன்னால் இருக்கிற மனைவிக்கு. பிறகு நடக்க ஆரம்பிப்பார். ஆறு வருடமாக இப்படி. அத்தை அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் அவர் வராத நாள் அவளுக்கு என்னவோ போலிருக்கும்.

ஒரு புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

அன்று அவர் வீட்டுப் பக்கம் மின்சாரம் இல்லை. ஊரில் பாதிக்கு இல்லை. மீதிப் பாதியில் யாராவது பார்த்திருந்தால், பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் முதலாளி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்:

“புதன்கிழமை ஜன்னலை ரெக்கார்டு பண்ணியிருந்தியா?”

பண்ணியிருந்தாள். இருவரும் போட்டுப் பார்த்தார்கள். நாலு பத்து. பஸ் போகிறது. சர்வேயர் கம்பத்தடியில் நிற்கிறார். ஒரு வெள்ளை ஜீப் வந்து நிற்கிறது, முன் பம்பர் ஒருபக்கம் நசுங்கிய ஜீப். அது கல் குவாரிக்காரருடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பின் கதவு திறக்கிறது. யாரும் அவரை இழுக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ பேசுகிறார்கள், அவர் கேட்கிறார், தயங்குகிறார். ஒரு தடவை ஜன்னலைப் பார்க்கிறார். கையைத் தூக்குகிறார். ஏறிக்கொள்கிறார்.

குவாரி எல்லை தாண்டி வெட்டியிருக்கிறது என்று அவர் அளந்து எழுதியிருந்தார். அதுவும் ஊருக்குத் தெரியும். நிலையத்துக்கு வருகிற விளம்பரத்தில் முக்கால்வாசி குவாரிக்காரருடையது. அத்தையின் தம்பி, அதாவது நம் எலக்ட்ரீஷியனின் அப்பா, அந்தக் குவாரியில்தான் டிப்பர் லாரி ஓட்டினார்.

முதலாளி எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்:

“இது மேல வேற ஏதாவது ரெக்கார்டு பண்ணிடு.”

“போலீஸ் வந்து கேட்டா?”

“அன்னிக்கு ரெக்கார்டே பண்ணலன்னு சொல்லு. எனக்கு ஒரே பொண்ணு இருக்கா. உன் தம்பிக்கு அங்கதான் சோறு. நாம எதையும் பாக்கல, புரியுதா?”

அவர் பட்டனைத் தொடவில்லை. அத்தைதான் அழுத்தினாள். மழலைப் பள்ளி ஆண்டு விழா வீடியோ ஒன்று கையில் இருந்தது. குழந்தைகள் வரிசையாக நின்று பாடுகிற நிகழ்ச்சி. அதை அந்தப் புதன்கிழமையின் மேல் ஏற்றினாள். பாட்டு முடிகிறவரை அறையை விட்டு வெளியே போய் நின்றாள். மறுநாள் போலீஸ்காரர் வந்தார். இல்லை என்றாள். அவரும் ரொம்பக் கேட்கவில்லை.

ஒரு வருடம் போனது. சர்வேயர் முகம் போட்ட நோட்டீஸ் கம்பத்தில் வெளுத்து, கிழிந்து, விழுந்தும் விட்டது.

பிறகு ஒரு திங்கட்கிழமை, மாலை நாலேகாலுக்கு நிலையத்தில் போன் அடித்தது.

“அக்கா, நான் சர்வேயர் வீட்டுக்காரி பேசறேன். அவர் வந்துட்டார்க்கா. உங்க ஜன்னல்ல நிக்கிறார். கொஞ்சம் எட்டிப் பாத்து நிக்கச் சொல்றீங்களா, நான் ஓடி வந்துடறேன்.”

அத்தை எட்டிப் பார்த்தாள். கம்பத்தடியில் ஒரு நாய் படுத்திருந்தது. அறையில் இருந்த மானிட்டரைப் பார்த்தாள். அதிலும் நாய்தான்.

“யாரும் இல்லையேம்மா.”

“இருக்கார்க்கா. இந்தப் பக்கம்தான் பாக்கறார்.”

பாவம், புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் நினைத்தாள். செவ்வாய்க்கிழமையும் போன். புதன்கிழமையும். புதன்கிழமை அத்தை கீழே இறங்கி ரோட்டைக் கடந்து சலூனுக்குப் போனாள். அங்கே கண்ணாடிக்கு மேலே ஒரு டிவி எப்போதும் ஓடும். அந்த மாதம்தான் கடையை எடுத்து நடத்த வந்திருந்த புதுச் சலூன்காரர் ஒருவர் கன்னத்தில் சோப்புப் போட்டபடி சாதாரணமாகச் சொன்னார்:

“மேல இருந்துதானே வரீங்க? யாருங்க அவர், மூணு நாளா சாயங்காலம் இங்கயே நிக்கிறார்? பஸ் வந்தாலும் ஏற மாட்டேங்கறார்.”

அத்தை டிவியைப் பார்த்தாள். கம்பத்தடியில் மெலிந்த ஆள். கக்கத்தில் சுருட்டிய வரைபடம். வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்தாள்... பத்தடி தூரத்தில் கம்பம், வெறும் கம்பம். திரும்பி டிவியைப் பார்த்தாள்... நிற்கிறார். அவள் அப்படி மூன்று தடவை உள்ளேயும் வெளியேயும் போய் வந்தாள். சோப்பு போட்டிருந்தவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

யோசித்துப் பாருங்கள். மானிட்டருக்குப் படம் காமிராவிலிருந்து நேரே வருகிறது. அதில் அவர் இல்லை. சலூன் டிவிக்கும் ஊர் டிவிகளுக்கும் மேட்டிலிருந்து வருகிறது. அவற்றில் இருக்கிறார். அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில்... எங்கே வந்து சேர்ந்துகொள்கிறார்?

முதலாளியிடம் சொன்னாள். அவர் “எங்கேயோ பழைய சிக்னல் மாட்டிக்கிட்டிருக்கு, தானா சரியாயிடும்” என்றார். மேட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்றாள். முழங்கால் வலி என்றார். அவருக்கு அதுவரை முழங்கால் வலி வந்ததே இல்லை.

அதனால்தான் அத்தை வியாழக்கிழமை அந்தச் சாலையில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கொட்டகைப் பூட்டு ஈரத்தில் இறுகியிருந்தது. திறந்ததும் வழக்கமான வாசனை, சூடேறிய தூசி. டிரான்ஸ்மிட்டர் ஒரு சூட்கேஸ் அளவுக்கு இருக்கும். அதன் மின்விசிறி ‘ர்ர்ர்ர்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. சின்ன டிவியைத் தரையில் வைத்து, பிளக் மாட்டி, ஏரியலை இழுத்துவிட்டாள். படம் வந்தது. வெளியே மழை இருட்டு. படத்தில் வெயில். நாலு மணி வெயில், நிழல் நீளமாக விழுகிற வெயில். கம்பத்தடியில் அவர்.

முதலில் ஸ்டுடியோவிலிருந்து வருகிற கேபிளைக் கழற்றினாள். படம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

டிரான்ஸ்மிட்டர் சுவிட்சை அணைத்தாள். விசிறி மெதுவாகி... மெதுவாகி... நின்றது. கொட்டகையில் சத்தமே இல்லை. டிவியில் வெறும் புள்ளிகள். அவள் மூச்சு விட்டாள்.

புள்ளிகளுக்குள்ளிருந்து மறுபடியும் தெரு வந்தது.

இப்போது சத்தமும் வந்தது. ஜன்னல் டிவிக்குச் சத்தமே கிடையாது என்று சொன்னேன் இல்லையா... மெலிதாக, ரொம்பத் தூரத்தில் கேட்பது போல, குழந்தைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். வரிசையாக நிற்கிற குழந்தைகள். நடுவில் ஒரு குழந்தை மட்டும் ஒரு வரி முந்திப் பாடும், அதை டீச்சர் அதட்டுவார். அந்த அதட்டல் வரைக்கும் கேட்டது. அத்தைக்கு அந்தப் பாட்டு ஒரு எழுத்து விடாமல் தெரியும்.

பாட்டு முடிந்ததும் கம்பத்தடியில் நின்றவர் முகத்தைத் தூக்கினார். ஜன்னலைப் பார்க்கிற மாதிரி. ஆனால் அவள் ஜன்னலில் இல்லை, தரையில் மண்டியிட்டிருந்தாள். அவர் பார்வை அங்கேதான் விழுந்தது.

கேபிளை மாட்டிச் சுவிட்சைப் போட்டதுகூட ஏதோ பழக்கத்தில்தான், கொட்டகையைப் பூட்டினாளா இல்லையா என்று அத்தைக்கு இன்றுவரை நினைவில்லை. டிவியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். இறக்கத்தில் மொபெட் ஓடவே இல்லை, சும்மா உருண்டுகொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை போனில் சர்வேயர் மனைவியின் குரல் தெளிவாக இருந்தது.

“அக்கா, இன்னிக்கு அவர் கம்பத்துகிட்ட இல்ல. நடு ரோட்டுல நிக்கிறார். வண்டியெல்லாம் அவர் மேலயே போகுது.”

முதலாளி காமிராவை அணைக்கச் சொன்னார். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு அட்டையை எழுதிப் போட்டார்கள். மானிட்டரில் அட்டை. சலூனில் தெரு.

சனிக்கிழமை முதலாளி வேலைக்கு வரவில்லை. போன் வந்தது.

“உங்க பக்கத்து ஓரத்துக்கு வந்துட்டார்க்கா. தலையும் தோளும்தான் தெரியுது. டயர் கடை வாசல் போலிருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை டயர் கடை விடுமுறை. கட்டடத்தில் அத்தை மட்டும். அவளும் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆறு மணி நிகழ்ச்சிக்கு யாராவது டேப் போட வேண்டுமே, பத்தொன்பது வருடப் பழக்கம் காலை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. நாலேகாலுக்கு போன் அடித்தது.

“அக்கா... அவரைக் காணோம். வெறும் ரோடுதான் தெரியுது. எங்க போனார், பாத்தீங்களா?”

அத்தை ரிசீவரைக் காதில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே மரப்படி ஒன்று முனகியது.

அந்த மாடிக்குப் பதினாறு படி. நனைந்த செருப்பு போட்டவர் ஏறினால் எப்படிக் கேட்கும்... ‘சளக்’... கொஞ்சம் நிதானம்... ‘சளக்’. பாதி ஏறியதும் ஒருமுறை நின்றது, மூச்சு வாங்குகிற மாதிரி. மறுபடி ஏறியது. கதவுக்கு வெளியே வந்து நின்றது. தட்டவில்லை. தள்ளவில்லை. கதவிடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. உடைத்த கல்லும் தேங்கிய தண்ணீரும் கலந்த வாசனை. தம்பி வேலை முடிந்து வரும்போது அவர் சட்டையில் அடிக்கிற அதே வாசனை.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி கதவைப் பார்த்துச் சொன்னாள்:

“காலையில போய்ச் சொல்லிடறேன். சத்தியமா சொல்லிடறேன்.”

ஆறு மணிவரை கதவைத் திறக்கவில்லை. திறந்தபோது வாசலில் யாரும் இல்லை. நின்ற இடத்தில் மட்டும் தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. படிகளில் ஏறி வந்த ஈரம் இருந்தது. இறங்கிய ஈரம் இல்லை.

சர்வேயர் மனைவி வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் மிஷின் வைத்துப் பிழைக்கிறவள். காலை எட்டு மணிக்கு அத்தை போனபோது மிஷின் சூடாகிக்கொண்டிருந்தது. “வாங்கக்கா” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அத்தை உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டேப், ஜீப், தயங்கியது, ஏறியது, தான் அழுத்திய பட்டன். தம்பி வேலையைச் சொல்லவில்லை. அது சாக்கு மாதிரி இருக்கும் என்று நினைத்தாள்.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தாள் அத்தை. அவள் ஒன்றுதான் கேட்டாள்:

“ஏறறதுக்கு முன்னாடி கை காட்டினாரா?”

“காட்டினார்.”

“எந்தக் கை?”

அத்தை கண்ணை மூடி யோசித்தாள். “வலது கை.”

“நல்லா தெரியுமா?”

“தெரியும்மா. இடது கையிலதான் வரைபடம் இருந்துச்சு.”

“வரைபடத்தை மாத்திக்குவார்க்கா. எங்களுக்குள்ள ஒரு கணக்கு இருந்துச்சு. இடது கையைத் தூக்கினா, வந்துட்டேன்னு அர்த்தம். வலது கைன்னா, எனக்கு நேரமாகும், காத்திருக்காதே, நீ சாப்பிட்டுப் படு.” அவள் மிஷின் மூடியைத் திறந்தாள், மூடினாள். “ஒரு வருஷமா நான் தட்டை வச்சுட்டு உக்காந்திருக்கேன். அவர் சொல்லிட்டுத்தான் போயிருக்கார். அந்தச் சொல்லைத்தான் நீங்க அழிச்சிருக்கீங்க.”

மிஷினை அணைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

“போலீஸ்ல வந்து சொல்வீங்களா?”

“அதுக்குத்தான் கிளம்பி வந்தேன்.”

இருவரும் சேர்ந்தே போனார்கள். அத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டர் குவாரிக்காரரின் தயவு எதுவும் தேவைப்படாதவர். ஜீப் டிரைவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவன் மத்தியானத்துக்குள் சொல்லிவிட்டான். குவாரியில் வெட்டி முடித்துக் கைவிட்ட பழைய பள்ளம் ஒன்று, மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. நான்கு மோட்டார் போட்டு ஒன்பது நாள் இறைத்தார்கள். அடியில் இருந்தார்.

குவாரிக்காரர் உள்ளே போனார். குவாரியைப் பூட்டினார்கள். தம்பிக்கு வேலை போனது, அவர் ஏழு மாதம் அக்காவோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போவாராம், வார்த்தை கிடையாது. நம் எலக்ட்ரீஷியன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அந்த ஏழு மாதமும் அந்த வீட்டில் கரண்டி கீழே விழுந்தால்கூட எல்லோரும் திடுக்கிடுவார்கள் என்று சொல்வான்.

முதலாளி விசாரணையில் சாதித்துவிட்டார். தான் டேப்பைப் பார்க்கவே இல்லை, அவளாகப் பார்த்து அவளாக அழித்திருக்கலாம் என்றார். அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். டேப்பை எடுத்துப்போய் போட்டுப் பார்த்தார்கள். முதலிலிருந்து கடைசிவரை குழந்தைகள் பாடினார்கள், அவ்வளவுதான். அவரை விட்டுவிட்டார்கள்.

விளம்பரம் நின்றது. அந்த வருடக் கடைசியில் ஒளிபரப்பு முறையே மாறி, இந்த மாதிரிச் சின்ன நிலையங்களைப் புது எந்திரம் வாங்கு அல்லது மூடு என்று சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் செய்தியையும் அத்தைதான் வாசித்தாள். தொலைந்த சாவி ஒன்று, மின்தடை அறிவிப்பு ஒன்று. வணக்கம் சொல்லிவிட்டு மேட்டுக்குப் போய் டிரான்ஸ்மிட்டரை அணைத்தாள். இந்தத் தடவை அணைந்தது அணைந்ததுதான். ஏரியலைக் கழற்றி இரும்புக் கடைக்குப் போட்டார்கள். தெருவிலும் சரி, டிவியிலும் சரி, கம்பத்தடியில் யாரும் நிற்கவில்லை. சர்வேயர் மனைவிக்கும் போன் செய்ய ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் அத்தையைப் பார்த்தால் தலையசைப்பாள். சிரிக்க மாட்டாள்.

முதலாளி வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு வேறு ஊருக்குப் போனார். ராத்திரி ரயில் ஏறினால் மறுநாள் மத்தியானம் போய்ச் சேருகிற தூரம். ஜன்னல் டிவியின் பத்து வாட் கனவில்கூட எட்டாத தூரம். போகும்போது அத்தையிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம் கழித்து மகள் அத்தைக்கு போன் செய்தாள். சின்ன வயதில் ஸ்டுடியோவில் முட்டை அட்டைகளை எண்ணி விளையாடிய பெண். அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது, அப்பா சொன்னதில்லை.

“ஆன்ட்டி, அப்பாவுக்கு உடம்பு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்றார். ஆனா பேசவே மாட்டேங்கறார். பழைய டிவி ஒண்ணு இருக்கு, அது ஓடறதே இல்ல, சாயங்காலம் ஆனா அது முன்னாடி போய் உக்காந்துக்கறார். இருட்டற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேங்கறார். அந்த டிவியைத் தூக்கிப் போட்டுடலாமான்னு பாத்தேன்.”

“போட்டுடும்மா,” என்றாள் அத்தை.

“எடுத்துக்க ஒரு ஆள் வந்தார். கண்ணாடியில கறை இருக்கு, துடைச்சு வைங்கன்னார். நானும் சோப்புத் தண்ணி, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேச்சேன், போகல. வெள்ளையா, மாவு மாதிரி, கல்லுத் தூசி மாதிரி. மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தேன். அவர் விரலை வச்சுப் பாத்துட்டு, இது வெளிப்பக்கம் இல்ல, கண்ணாடிக்கு உள்பக்கம்ங்கறார். உள்ள காத்துகூடப் போகாம அடைச்சிருப்பாங்களாம், உடைச்சாலொழிய எதுவும் போக வழியே இல்லையாம். நீங்க இத்தனை வருஷம் டிவி ஸ்டேஷன்ல இருந்தீங்களே, உங்களுக்கு ஏதாவது தெரியுமான்னுதான்...”

அத்தை மெதுவாகக் கேட்டாள். “என்ன மாதிரிக் கறைம்மா?”

“கை மாதிரி ஆன்ட்டி. யாரோ கையை விரிச்சு அந்தப் பக்கத்துலேருந்து அழுத்தின மாதிரி.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “போன வாரம் ஒரு கைதான் இருந்துச்சு. இன்னிக்குக் காலையில பாத்தா, ரெண்டு கை.”